கருவியைப் பார்க்குமுன் கடையைப் பாருங்கள்!

உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை. எடை 158 கிராம். ஒரு ஆப்பிள் பழத்தின் எடை, அவ்வளவுதான். அதற்குள் ஆயிரக்கணக்கான நூல்கள் அடக்கம்!

ஆம், ஒரு நூல் நிலையமே கைப்பைக்குள் வந்துவிட்டது.

இந்தப் பலகைக்கு "இ-ரீடர்" என்று பெயர். தமிழில் "மின்நூல் படிப்பான்" என்கிறார்கள்.

இதைப் பல கம்பெனிகள் செய்து விற்கின்றன. அமெரிக்காவின் அமேசான் கம்பெனி விற்பது "கிண்டில்." அதே நாட்டின் பெரிய புத்தகக் கடையான பார்ன்ஸ் அண்ட் நோபிள் விற்பது "நூக்." கனடாவில் பிறந்தது "கோபோ." இவை தவிர "பாக்கெட்புக்" இருக்கிறது, "பூக்ஸ்" இருக்கிறது.

இவற்றில் எது நல்லது?

வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. திரை எப்படி, பேட்டரி எத்தனை நாள் வரும், விலை என்ன என்று மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால், அந்த மூன்றிலும் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் வாங்கினால், காசு கொடுத்து வாங்கிய நூலே ஒருநாள் கையை விட்டுப் போய்விடும்.

இது வீண் பயமுறுத்தல் அல்ல. அப்படிப் போயிருக்கிறது!

செல்போன் போதாதா?

முதலில், தனிக் கருவி எதற்கு என்று பார்ப்போம். செல்போனிலேயே நூல் படிக்கலாமே?

படிக்கலாம். தடை இல்லை. ஆனால், செல்போன் திரை விளக்கு மாதிரி. அது கண்ணை நோக்கி வெளிச்சத்தைப் பாய்ச்சுகிறது. வெயிலில் கொண்டுபோனால் எழுத்து மங்கிவிடும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நாலு வரி படிப்பதற்குள் மணி அடிக்கும். ஐந்தாவது வரியில் ஒரு செய்தி வந்து நிற்கும். ஆறாவது வரியில் நூல் மறந்துபோகும்.

இ-ரீடரில் இந்தத் தொல்லை இல்லை. அதில் படிக்கலாம், பெரும்பாலும் வேறொன்றும் செய்ய முடியாது. அதுதான் அதன் குறை. அதுவே அதன் நிறையும்கூட!

ஆகவே, மாதம் ஒரு நூலாவது படித்து முடிக்கிறவர் வாங்கலாம். ஆண்டுக்கு இரண்டு நூல் படிப்பவர் வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு அச்சடித்த நூல்களையே வாங்கி அலமாரியில் வைக்கலாம்.

மைத்துளி வித்தை

இந்தத் திரை எப்படி வேலை செய்கிறது?

திரைக்குள் லட்சக்கணக்கில் சின்னஞ்சிறு குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழும் தலைமுடியின் தடிமன்தான் இருக்கும். குமிழுக்குள் தெளிந்த திரவம். அந்தத் திரவத்தில் வெள்ளைத் துகளும் கறுப்புத் துகளும் மிதக்கின்றன.

வெள்ளைக்கு ஒரு வகை மின்சாரம். கறுப்புக்கு அதற்கு எதிரான மின்சாரம். கீழேயிருந்து மின்சாரத்தை மாற்றினால், ஒன்று மேலே வரும், மற்றொன்று கீழே போகும். கறுப்பு மேலே வந்த இடம் எழுத்து. வெள்ளை மேலே வந்த இடம் காகிதம்!

பக்கம் புரட்டும்போது மட்டும்தான் மின்சாரம் செலவாகிறது. புரட்டிய பிறகு துகள்கள் அப்படியே நிற்கும். அதனால்தான் பேட்டரி பல நாள் தாங்குகிறது.

2012-ம் ஆண்டு முதல் இந்தக் கருவிகளில் விளக்கும் வந்துவிட்டது. அந்த வெளிச்சம் ஓரத்திலிருந்து பக்கத்தின் மேல் படுகிறது. காகிதத்தின் மேல் மேஜை விளக்கு படுவது போல. ஆகவே, இரவில் மற்றவர் தூக்கம் கெடாமல் படிக்கலாம்.

இந்த வித்தையைச் செய்தவர்கள் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்வி நிலையத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் 1997-ல் "இ இங்க்" என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 2009-ல் தைவான் நாட்டுக் கம்பெனி ஒன்று அதை வாங்கிக்கொண்டது.

இங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. கிண்டில், கோபோ, நூக் ஆகிய மூன்றுக்குமே திரை கொடுப்பது இந்த ஒரே கம்பெனிதான்!

பிறகு, "எந்தத் திரை நல்லது?" என்று மண்டையை உடைத்துக்கொள்வானேன்? ஒரே தறியில் நெய்த துணியை மூன்று கடையில் விரித்துப் பார்ப்பது போலத்தான் அது.

ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி? 2007-ல் வந்த முதல் கிண்டிலில் 167 புள்ளி. இப்போது நல்ல கருவிகளில் 300 புள்ளி. புள்ளி குறைந்தால் "ணு", "ளு", "ஞூ" போன்ற சுழி எழுத்துகள் மங்கும். ஆகவே 300-க்குக் குறைய வேண்டாம்.

வண்ணத் திரையும் வந்திருக்கிறது. கோபோ 2024 ஏப்ரலிலும், கிண்டில் அதே ஆண்டு அக்டோபரிலும் கொண்டுவந்தன. ஆனால், வண்ணப் படத்துக்கு 150 புள்ளிதான். படக்கதை பார்க்கும் குழந்தைக்கு அது சரி. கதை படிக்கும் பெரியவருக்குக் கறுப்பு வெள்ளையே போதும்.

போட்டி பிறந்தது

இந்தத் திரையை வைத்து முதன்முதலில் கருவி விற்றது ஜப்பானின் சோனி கம்பெனி. ஆண்டு 2004. பெயர் "லிப்ரியே."

கருவி அழகாக இருந்தது. ஆனால், அதில் வாங்கிய நூல் 60 நாளில் மறைந்துவிடும்! விற்ற நூலைத் திரும்பப் பிடுங்கும் வியாபாரத்தை யார் விரும்புவார்கள்? அது எடுபடவில்லை.

2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வந்தது. விலை 399 டாலர். முதல் சரக்கு ஐந்தரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது.

2009-ல் நூக் வந்தது. விலை 259 டாலர். 2010-ல் கோபோ கருவி வந்தது. போட்டி சூடு பிடித்தது.

2010 ஜூன் 21-ந் தேதி ஒரு வேடிக்கை நடந்தது. நூக்கின் விலை 259 டாலரிலிருந்து 199 டாலராக இறங்கியது. சில மணி நேரம்தான் ஆகியிருக்கும். கிண்டிலின் விலை 259-லிருந்து 189 ஆக இறங்கியது! 2011-ல், விளம்பரம் காட்டும் கிண்டில் ஒன்று 79 டாலருக்கே வந்துவிட்டது.

399 எங்கே, 79 எங்கே? நான்கே ஆண்டில் விலை ஐந்தில் ஒரு பங்கு!

இப்படிக் குறைத்தால் நஷ்டம் வராதா?

அதற்கு அமேசான் முதலாளி ஜெஃப் பெசோஸ் 2012-ல் பதில் சொன்னார். கருவியை அடக்க விலைக்கே விற்பதாக அவர் ஒப்புக்கொண்டார். கருவியில் லாபம் இல்லை. பிறகு வாங்கும் நூல்களில்தான் லாபம்.

இதைப் படிப்பவர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கம்பெனி கருவியை விற்பது, தன் கடைக்கு வாசல் திறப்பதற்காக. வாசல் அழகாக இருக்கிறது என்று உள்ளே போகிறோம். போகுமுன், கடையின் சட்டம் என்ன என்று கேட்க வேண்டாமா?

பேட்டரிச் சண்டை

விளம்பரத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது.

2011 மே மாதத்தில் புதிய நூக் வந்தது. "பேட்டரி இரண்டு மாதம் வரும்" என்றார்கள். அப்போது கிண்டிலுக்குச் சொல்லப்பட்டது ஒரு மாதம்தான்.

அடுத்த நாளே கிண்டிலும் இரண்டு மாதம் ஆகிவிட்டது! பேட்டரியை மாற்றினார்களா? இல்லை. கணக்கை மாற்றினார்கள். முதலில் தினம் ஒரு மணி நேரம் படிப்பதாகக் கணக்கு. பிறகு, நூக் போட்டது போலவே, அரை மணி நேரம் படிப்பதாகக் கணக்கு. அவ்வளவுதான்.

இன்றும் அதே அரை மணிக் கணக்குதான். "12 வாரம் வரும்" என்று 2024-ல் வந்த கிண்டில் பேப்பர்ஒயிட் கருவிக்குச் சொன்னார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 வாரம் என்றால் 84 நாள். தினம் அரை மணி என்றால் மொத்தம் 42 மணி நேரம். தினம் மூன்று மணி நேரம் படிக்கும் தாத்தாவுக்கு அது 14 நாள்தான் வரும்.

14 நாளும் நல்ல கணக்குதான். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால், "வாரம்" என்று போட்டிருந்தால், அதை "மணி" ஆக்கிப் பார்க்கத் தெரிய வேண்டும்.

பறந்து போன நூல்!

இனி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

2009 ஜூலை மாதம். அமெரிக்காவில் பலர் காலையில் கிண்டிலைத் திறந்தார்கள். வாங்கி வைத்திருந்த நூலைக் காணோம்!

திருடன் வரவில்லை. விற்ற கடைக்காரரே எடுத்துக்கொண்டார். உரிமை இல்லாத ஒருவர் அந்த நூல்களைக் கடையில் ஏற்றியிருந்தார். அது தெரிந்ததும் அமேசான், வாங்கியவர்களின் கருவியிலிருந்தே நூல்களை அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆனால், வாசகரின் அனுமதியைக் கேட்கவில்லை.

எந்த நூல்கள் தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய "1984" என்ற நாவலும், "விலங்குப் பண்ணை"யும். "1984" நாவலில் என்ன கதை? சர்க்கார் தனக்குப் பிடிக்காத எழுத்தை இருந்த இடம் தெரியாமல் அழித்துவிடும். அந்த நூலே அப்படி அழிந்தது!

மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பள்ளி மாணவர் அந்த நூலில் பாடக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். நூல் போனதும் குறிப்பு பயனற்றுப் போனது. அவர் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு சமரசத்தில் முடிந்தது.

பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். செய்தது முட்டாள்தனம் என்று ஒப்புக்கொண்டார். நூலைத் திருப்பித் தருகிறோம், அல்லது 30 டாலர் தருகிறோம் என்று கம்பெனி சொன்னது.

மன்னிப்பு பெரிய குணம்தான். ஆனால், அந்தச் சம்பவம் ஓர் உண்மையைக் காட்டிவிட்டது. நூல் இருப்பது வாசகர் கையில். அதன் சாவி இருப்பது கடைக்காரர் கையில்!

கடை மூடினால்?

கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். கடை மூடிவிட்டால் என்ன ஆகும்?

2014-ல் சோனி கம்பெனி அமெரிக்காவிலும் கனடாவிலும் தன் நூல் கடையை மூடியது. வாடிக்கையாளர்களைக் கோபோவிடம் ஒப்படைத்தது.

2016-ல் பிரிட்டனில் நூக் கடை மூடப்பட்டது. அதன் வாடிக்கையாளர்கள் செயின்ஸ்பரி என்ற கடைக்கு மாற்றப்பட்டார்கள். அதே ஆண்டில் செயின்ஸ்பரியும் மின்நூல் வியாபாரத்தை விட்டது. அவர்கள் மறுபடி கோபோவுக்கு மாற்றப்பட்டார்கள். ஒரே ஆண்டில் மூன்று வீடு!

2019-ல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி தன் நூல் கடையை மூடியது. விற்ற நூல்கள் எல்லாம் மறைந்தன. பணம் வாபஸ் வந்தது. நூல் வரவில்லை.

சீனாவில் 2023 ஜூன் 30-ந் தேதியோடு கிண்டில் நூல் கடை விற்பனையை நிறுத்தியது. வாங்கிய நூல்களை இறக்கிக்கொள்ள மேலும் ஓர் ஆண்டு தவணை கொடுத்தார்கள்.

கவனியுங்கள். இவை எல்லாம் பெரிய கம்பெனிகள். பணம் இல்லாமல் மூடவில்லை. லாபம் போதவில்லை என்று மூடினார்கள்.

தெருமுனைப் புத்தகக் கடை மூடினால் நமக்கு என்ன? வீட்டு அலமாரியில் இருக்கும் நூல் அங்கேயே இருக்கும். மின்நூல் கடை மூடினால், அலமாரியே போய்விடலாம்!

சொந்தமா, வாடகையா?

மின்நூலை "வாங்கு" என்று பொத்தான் போட்டிருக்கிறார்கள். வாங்கியது சொந்தமா? சட்டத்தின் கண்ணில் சொந்தம் இல்லை. படிக்க மட்டும் அனுமதி.

கடைக்காரரிடம் ஒருவர் கேட்டால், பேச்சு இப்படித்தான் போகும்:

"ஐயா, படித்து முடித்த நூலைப் பழைய புத்தகக் கடையில் போடலாமா?"

"போட முடியாதுங்க."

"தங்கச்சி கல்யாணத்துக்குப் பரிசாகக் கொடுக்கலாமா?"

"நீங்கள் வாங்கிய பிரதியைக் கொடுக்க முடியாதுங்க. புதிதாக ஒன்று வாங்கித்தான் கொடுக்க வேண்டும்."

"அப்படியானால் நான் எதைத்தான் வாங்கினேன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லவே அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. 2025 ஜனவரி 1-ந் தேதி அது அமலுக்கு வந்தது. விற்பது சொந்தப் பொருள் அல்ல, அனுமதி மட்டுமே என்றால், அதைக் கடைக்காரர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொல்லாமல் "வாங்கு" என்று எழுதக்கூடாது.

2025 பிப்ரவரி 26-ந் தேதி இன்னொன்று நடந்தது. அதுவரை, கிண்டில் நூல்களைக் கம்ப்யூட்டரில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதி இருந்தது. பலர் அப்படி இறக்கிப் பத்திரப்படுத்தி வந்தார்கள். அன்றோடு அமேசான் அந்த வசதியை நிறுத்தியது.

ஒரு கம்பெனி அனுமதியைக் கூட்டலாம், குறைக்கலாம். வாசகர் கையில் ஒன்றும் இல்லை.

பூட்டும் சாவியும்

மின்நூலுக்கு ஒரு வடிவம் உண்டு. "ஈ-பப்" என்பது பொது வடிவம். 2007 முதல் இது வழக்கத்தில் இருக்கிறது. கோபோ, நூக், பாக்கெட்புக், பூக்ஸ் எல்லாம் இதை நேராகப் படிக்கும்.

கிண்டில் தனக்கென்று தனி வடிவம் வைத்திருக்கிறது. ஈ-பப் நூலை அதற்கு அனுப்பும் வழியை 2022-ல் திறந்தார்கள். அனுப்பினால், தன் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு காட்டும்.

வடிவம் ஒரு பக்கம். பூட்டு இன்னொரு பக்கம். திருட்டுப் பிரதி எடுக்காமல் இருக்க நூலுக்குப் பூட்டுப் போடுகிறார்கள். பூட்டிய ஈ-பப் நூலை எல்லாக் கருவியிலும் திறக்க முடியாது. பூட்டிய கிண்டில் நூல், கிண்டில் கருவியிலும் கிண்டில் செயலியிலும் மட்டும் திறக்கும்.

பூட்டு இல்லாமலும் வியாபாரம் நடக்கிறது. விஞ்ஞானக் கதைகள் வெளியிடும் "டோர்" என்ற அமெரிக்க வெளியீட்டகம் 2012-லேயே பூட்டை எடுத்துவிட்டது. அதனால் அது கெட்டுப் போகவில்லை. இன்றும் நூல் வெளியிட்டு வருகிறது.

ஆகவே, பூட்டில்லாத நூல் கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். கருவி மாறினாலும், கம்பெனி மூடினாலும், அந்த நூல் உங்களோடு வரும்.

மறுபக்கம்

கிண்டிலைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது.

"பூட்டு இருந்தால் என்ன? ஒரே கடையில் எல்லாம் கிடைக்கிறது. விலையும் குறைவு. கருவி தொலைந்தாலும், புதிய கருவி வாங்கினால், நூல்கள் தானாக வந்து சேர்கின்றன. இதைவிடச் சௌகரியம் உண்டா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அது உண்மைதான். அச்சு நூல் வெள்ளத்தில் போகும், கரையான் தின்னும். மின்நூலைக் கரையான் தின்பதில்லை. சில கம்பெனிகள், ஒரே குடும்பத்தில் இருவர் நூலைப் பகிர்ந்து படிக்கவும் வழி வைத்திருக்கின்றன.

அமெரிக்காவில் இன்னொரு சௌகரியமும் உண்டு. ஊர் நூல் நிலையத்திலிருந்து மின்நூலை இரவல் வாங்கலாம். காசு வேண்டாம். கெடு முடிந்ததும் நூல் தானே திரும்பிவிடும். கிண்டிலில் 2011 முதல் அங்கே இந்த வசதி இருக்கிறது. கோபோ கருவியிலோ, கருவிக்குள்ளேயே நேராக இரவல் எடுக்கலாம்.

ஒருமுறை படித்துவிட்டு மறந்துபோகும் கதைக்கு, பூட்டு ஒரு பெரிய விஷயம் அல்ல. ரயிலில் போகும் டிக்கெட்டைப் பத்திரப்படுத்தி வைப்பவர் யார்? ஆனால், பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும், பத்து ஆண்டு கழித்தும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கும் நூலுக்குப் பூட்டு ஆகாது. அதை அச்சில் வாங்க வேண்டும். அல்லது பூட்டு இல்லாமல் வாங்க வேண்டும்.

தமிழ் வருமா?

தமிழ்க் குடும்பத்துக்கு இன்னொரு கேள்வி உண்டு. இதில் தமிழ் வருமா?

வரும். 2016 டிசம்பரில் அமேசான், தமிழ் உட்பட 5 இந்திய மொழிகளில் கிண்டில் நூல் விற்பனையைத் தொடங்கியது. அது முதல் கதை, கட்டுரை, வரலாறு என்று தமிழ் நூல்கள் அங்கே சேர்ந்து வருகின்றன.

காசு இல்லாமலும் கிடைக்கும். 1998 பொங்கல் அன்று "மதுரைத் திட்டம்" தொடங்கியது. உலகெங்கும் உள்ள தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய இலக்கியங்களைத் தட்டெழுதி, இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். "ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்" என்ற குழுவும் இலவச நூல்களை வெளியிடுகிறது. 6 அங்குலத் திரைக்கென்றே பக்கம் அமைத்தும் தருகிறது. இவற்றுக்குப் பூட்டு இல்லை.

ஆனால், எல்லாக் கருவியிலும் தமிழ் ஒழுங்காகத் தெரியும் என்று நம்பிவிடக் கூடாது.

"கொ" என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால், கால் பின்னால். நடுவில் "க". ஆனால், கம்ப்யூட்டர் தனக்குள் முதலில் "க"வைத்தான் வைத்திருக்கும். கொம்பும் காலும் அதற்குப் பிறகு ஒரே குறியாக இருக்கும். திரையில் காட்டும்போது, அதைப் பிரித்து முன்னும் பின்னும் வைக்க வேண்டும். இது தெரியாத கருவியில் கொம்பு இடம் மாறி நிற்கும். படிக்க முடியாது!

ஆகவே, வாங்குமுன் ஒரு தமிழ் நூலைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். "கொ", "கோ", "கௌ" மூன்றும் சரியாக இருந்தால் கருவி தேறிவிட்டது.

இன்னும் ஒன்று. பழைய தமிழ் நூல்கள் பல, பக்கத்தைப் படம் பிடித்த "பி.டி.எஃப்." கோப்பாகவே கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அப்படி ஏராளம் உண்டு. படத்தில் இருக்கும் எழுத்தை, நூலின் எழுத்தைப் போலப் பெரிதாக்கி வரி மடக்க முடியாது. 6 அங்குலத் திரையில் அது எறும்பு வரிசையாகத் தெரியும். பழைய நூல் ஆராய்ச்சி செய்பவர் 10 அங்குலக் கருவி வாங்க வேண்டும். முடியாவிட்டால் சும்மா இருக்கலாம்.

வீட்டில் யாருக்கு?

கருவியில் நல்லது கெட்டது என்று இல்லை. யாருக்கு என்பதுதான் கேள்வி.

பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. நூலைத் தூர வைத்திருக்கிறாள். அவளுக்கு இதைப்போல் துணை இல்லை. "அத்தை, எழுத்தை இன்னும் பெரிசாக்கட்டுமா?" என்று மருமகள் கேட்டு, இரண்டு முறை தட்டினால் போதும். எந்த நூலும் பெரிய எழுத்து நூல் ஆகிவிடும். அவளுக்கு விலை குறைந்த 6 அங்குலக் கருவி போதும். எடையும் குறைவு.

கல்லூரியில் படிக்கும் பெண், ஆங்கில நாவல் படிக்கப் பழகுகிறாள். தெரியாத சொல்லின் மேல் விரலை வைத்தால், அகராதி அங்கேயே பொருள் சொல்லும். அவளுக்கும் அதே கருவி போதும்.

பாடப் புத்தகம் படிக்கும் சிறுவனுக்கு இது வேண்டாம். படம், வரைபடம், முன்பக்கம் பின்பக்கம் என்று புரட்டிப் படிக்கும் நூலுக்கு அச்சுதான் சிறந்தது.

பல கடைகளில் நூல் வாங்கிப் பழகியவருக்குப் பூக்ஸ் போன்ற கருவி ஏற்றது. அதில் கிண்டில் செயலியும் போடலாம், கோபோ செயலியும் போடலாம். ஒரு கடைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால், விலை கூட. பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

வாங்குமுன் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேளுங்கள்:

1. படிக்க நினைக்கும் பத்து நூல்களின் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இந்தக் கடையில் எத்தனை கிடைக்கின்றன?

2. தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிகிறதா?

3. வேறு இடத்தில் வாங்கிய ஈ-பப் நூலை இதில் படிக்க முடியுமா?

4. இங்கே வாங்கிய நூலைப் பிரதி எடுத்துச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியுமா?

5. அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கிறதா? விளக்கு இருக்கிறதா?

6. பேட்டரி எத்தனை மணி நேரம் வரும்? (வாரக் கணக்கு வேண்டாம்.)

7. பழுதானால் நம் ஊரில் சரிசெய்வார்களா? பேட்டரி மாற்ற முடியுமா? (2024-ல் வந்த கோபோ கருவிகளைத் திறந்து பழுது பார்க்க, பாகங்களும் வழிகாட்டியும் கிடைக்கச் செய்திருக்கிறார்கள். மற்றவர்களும் இதைப் பின்பற்ற வேண்டும்.)

முதல் நான்கு கேள்விகளும் கடையைப் பற்றியவை. பின் மூன்றும்தான் கருவியைப் பற்றியவை. பலர் பின் மூன்றை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கருவி ஐந்தாறு ஆண்டு உழைக்கும். பிறகு பழசாகும். வேறொன்று வாங்கலாம். ஆனால், அதற்குள் நூறு நூல் சேர்ந்திருக்கும். நூறு நூலின் விலை கருவியின் விலையைவிட அதிகம். அதன் அருமையோ விலையில் அடங்காது.

அந்த நூறு நூலும் அடுத்த கருவிக்கு வருமா? பிள்ளைக்கும் பேரனுக்கும் போகுமா?

இதற்கு "ஆம்" என்று எந்தக் கடை சொல்கிறதோ, அந்தக் கடையின் கருவியே நல்ல கருவி. இன்று எந்தக் கடையும் முழு மனதோடு "ஆம்" என்று சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் விடாமல் கேட்டால் ஒருநாள் சொல்வார்கள். விலையைக் குறைக்கச் சில மணி நேரம் போதும் என்றால், பூட்டைத் திறக்க மட்டும் எவ்வளவு நேரம் ஆகும்?

அதுவரை, மனதுக்குப் பிடித்த நூலை அச்சில் ஒரு பிரதி வாங்கி அலமாரியில் வையுங்கள். அதை எந்தக் கடைக்காரரும் இரவோடு இரவாக வந்து எடுத்துப் போக முடியாது!